ஒரு பக்கம் எரிந்து கொப்புளம் போட்டால் மூன்று நாளைக் கோட்டை விடாதீர்கள்!
அக்கியை அடையாளம் காண்பது எப்படி? அதைப் போலவே தோன்றும் மற்றவை எவை?



உடம்பில் கொப்புளம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வியாதிக்குப் பெயரையும் தாங்களே வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். "அம்மை போட்டிருக்குங்க ஐயா, ஊசி வேணாம்" என்பார் ஒருவர். "ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருச்சு, களிம்பு குடுங்க" என்பார் இன்னொருவர். "பம்பு ஒழுகி மருந்து முதுகுல பட்டுருச்சு" என்பார் மூன்றாமவர். "அக்கின்னு அத்தை சொன்னாங்க, எழுதியாச்சு, எரிச்சல் மட்டும் நிக்கல" என்று ஒரு தங்கை வந்து நிற்பார்.

இவர்கள் சொல்வது சில வேளை சரியாகவும் இருக்கும், சில வேளை ஒன்றுக்கு ஒன்று மாறியும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்: தோல் சிவந்திருக்கும், நீர் கோத்த கொப்புளம் இருக்கும், எரிச்சல் இருக்கும். ஆனால் வைத்தியம் ஒன்றல்ல. பூச்சிப் புண் தானே ஆறிவிடும். சிரங்குக்கு வீடு முழுவதும் மருந்து பூச வேண்டும். அக்கிக்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. கொப்புளம் தோன்றிய நேரத்திலிருந்து 72 மணி நேரம், அதாவது மூன்று நாள். அதற்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

அந்த மூன்று நாள் நம் வீடுகளில் எப்படிப் போகிறது? முதல் நாள் தைலம், இரண்டாம் நாள் வேப்பிலை, மூன்றாம் நாள் யாரோ சொன்ன களிம்பு. நான்காம் நாள் வலி தாங்காமல் ஆஸ்பத்திரி. இதை மாற்றத்தான் இந்தக் கட்டுரை.

அக்கி என்றால் என்ன?

அக்கிக்கும் சின்னம்மைக்கும் கிருமி ஒன்றே. சிறு வயதில் நமக்குச் சின்னம்மை வருகிறது. கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. இருபது, முப்பது, ஐம்பது வருடம்கூட அங்கே சத்தமில்லாமல் தூங்கும்.

வயதாகி உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது, அல்லது வேறு வியாதியால் உடம்பு தளரும்போது, அது விழித்துக்கொண்டு ஏதாவது ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி.

இதைத் தெளிவாகச் சொன்னவர் பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர் அல்ல. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் சாதாரண மக்களுக்கு வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்சன் என்ற டாக்டர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பல வருடம் கணக்கெடுத்து, தூங்குகிற சின்னம்மைக் கிருமி விழித்துக்கொள்வதே அக்கி என்று 1965-ல் எழுதினார்.

ஆகவே, சின்னம்மை வந்த எவருக்கும் பின்னாளில் அக்கி வரலாம். அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி மூன்று பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவை வருகிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். நீரிழிவு உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கு இன்னும் சுலபமாக வரும். இது சாபமும் அல்ல, சூடு பிடித்ததும் அல்ல, யாரும் வைத்த செய்வினையும் அல்ல.

அடையாளம் நான்கு

1. வலி முந்தும், கொப்புளம் பிந்தும். தோலில் ஒன்றும் தெரியாதபோதே ஓரிடத்தில் எரிச்சல், குத்தல், ஊசி ஏற்றியது போன்ற வலி தொடங்கும். சிலருக்குச் சட்டை பட்டாலே தாங்காது. இது ஒரு நாளும் இருக்கலாம், நாலைந்து நாளும் இருக்கலாம்.

2. உடம்பில் ஒரு பக்கம் மட்டும் வரும். இடது என்றால் இடது, வலது என்றால் வலது.

3. பட்டையாக வரும். முதுகில் தொடங்கி விலா வழியாக நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ வளைந்து வரும். நெற்றி, கண் பக்கம், கழுத்து, கை, கால் ஆகிய இடங்களிலும் வரலாம். நெஞ்சு, இடுப்புப் பகுதியில்தான் அதிகம்.

4. கொத்துக் கொத்தாக வரும். சிவந்த தோலின்மேல் திராட்சைக் குலை போலச் சிறு கொப்புளங்கள் நெருங்கி நிற்கும். மூன்று முதல் ஐந்து நாள் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருக்கும். ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தோல் ஆறும்.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? பால் மரத்தில் அரைச் சுற்று வெட்டுப் போடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். வெட்டு பாதி மரம் வரை வந்து நின்றுவிடும், மறுபாதிக்குப் போகாது. நம் நரம்பும் அப்படித்தான். முதுகெலும்பிலிருந்து இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பிரிந்து, பாதி உடம்பைச் சுற்றி, முன்பக்கம் நடுவில் வந்து முடிகின்றன. எந்த நரம்பில் கிருமி விழித்ததோ அந்த நரம்பு போகிற பாதையில் மட்டும் கொப்புளம் வரும்.

இது புரிந்தால் ஒரு பெரிய பயமும் போய்விடும். சீன நண்பர்கள் அக்கியைப் பாம்பு என்பார்கள். இடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்த் தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்ற பேச்சு நம் லயங்களிலும் உண்டு. அதில் உண்மை இல்லை. பாம்பு பாதி தூரம்தான் போகும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு மட்டும் அபூர்வமாக இரண்டு பக்கமும் பரவும். அப்படிப் பரவினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரணம் பாம்பு அல்ல, உடம்பின் பலவீனம்.

கொப்புளம் வருவதற்கு முன் ஏமாற்றும்

செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு விலாவில் வலித்தால் என்ன நினைப்பார்? பிடிப்பு என்பார். பால் வாளி தூக்குகிறவருக்கு முதுகு எரிந்தால் சுளுக்கு என்பார். உடனே தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். மறுநாள் அந்த இடத்தில் கொப்புளம் வந்தால், "தைலம் பொத்துப் போச்சு" என்று முடிவு கட்டுவார்கள். அப்படி வந்த தோழர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வலி முந்தியா, கொப்புளம் முந்தியா?" வலிதான் முந்தி என்றால் தைலத்தின் மேல் பழி போட வேண்டாம். அக்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெஞ்சு அடைப்பது போல வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் "அக்கியாக இருக்கும், கொப்புளம் வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அக்கியைப் போலத் தோன்றுபவை

சின்னம்மை: கிருமி ஒன்றானாலும் தோற்றம் வேறு. உடம்பு முழுவதும், இரண்டு பக்கமும் வரும். காய்ச்சலும் அரிப்பும் இருக்கும். ஒரே நேரத்தில் பார்த்தால் ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி, ஓரிடத்தில் நீர்க் கொப்புளம், இன்னோரிடத்தில் பொருக்கு எனக் கலந்து இருக்கும். தலைமயிருக்குள்ளும் இருக்கும். சின்னம்மை வந்தவரோடு பழகிய 10 முதல் 21 நாளுக்குள் தோன்றும். குழந்தைகளுக்கு வழக்கமாக லேசாகப் போய்விடும். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையாகலாம். ஆகையால் பெரியவர்களுக்கு வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் போதும்.

'செமுட் காயாப்' என்ற பூச்சி: மலாய்க்காரர்கள் அக்கியைக் காயாப் என்பார்கள். இந்தப் பூச்சியால் வரும் புண்ணும் அதைப் போல இருப்பதால் பூச்சிக்கும் அந்தப் பெயர். சிலர் 'சார்லி' என்றும் சொல்வார்கள். பார்க்க எறும்பு மாதிரி நீளமாக, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். உண்மையில் அது எறும்பு அல்ல, வண்டு. கடிக்கவும் செய்யாது, கொட்டவும் செய்யாது. நம் மேல் ஊரும்போது கையால் நசுக்கிவிடுகிறோம் அல்லவா, அப்போது அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டு வெந்துவிடுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்ட உடனே தெரியாது. ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத்தான் சிவக்கும். பூச்சியை இழுத்துத் தேய்த்த திசையில் சாட்டையடி போலக் கோடாக இருக்கும். கழுத்து, முகம், கை எனத் துணி மூடாத இடத்தில்தான் அதிகம். முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்தது போல இரண்டு புண் இருக்கும். உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டியும் போகும், ஏனென்றால் அதற்கு நரம்புக் கணக்கு கிடையாது. முன்னால் பல நாள் வலியும் இருக்காது.

நெல் வயல், செம்பனைக் காடு பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்தைத் தேடி இது வரும். மேலே உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், வாயால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். படுக்கும் முன் பாயையும் தலையணையையும் உதறுங்கள். தேவையில்லாத விளக்கை அணையுங்கள்.

மருந்தடிப்பதால் வரும் புண்: களைக்கொல்லி பட்ட இடத்தில் மட்டும் வரும். பம்பு ஒழுகினால் முதுகிலும் இடுப்பிலும், பூட்ஸுக்குள் போனால் காலிலும், கையுறை ஓட்டையானால் மணிக்கட்டிலும் வரும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், எல்லை போட்டது போலத் தெரியும். முன்பு நம் தோழர்களை அதிகம் வாட்டிய பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் எல்லாம் தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டவுடன் துணியைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். மருந்துப் போத்தலின் லேபலை எங்களிடம் கொண்டு வந்து காட்டுங்கள். வேலையில் பட்ட புண் என்றால் அது வேலை விபத்து. பதிவு செய்யச் சொல்லுங்கள், கிளைச் செயலாளரிடமும் தெரிவியுங்கள்.

சொறி சிரங்கு: ராத்திரியில்தான் அரிப்பு அதிகம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் சொறிவார்கள். எரிச்சல் வலி அல்ல, அரிப்புதான் பிரதானம். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் தீராது.

பிள்ளைகளின் பொன்னிறப் பொருக்கு: மூக்கு, வாய் ஓரத்தில் கொப்புளம் உடைந்து தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்குத் தட்டும். இது சீழ்க் கிருமியால் வருவது. இதற்கு மருந்து வேறு.

கை கால் வாய் நோய்: சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் கொப்புளமும் காய்ச்சலும் வரும். 1997-ல் சரவாக்கில் பரவிக் குழந்தைகளின் உயிரைப் பறித்த நோய் இது. பிள்ளை சோர்ந்து படுத்தால், தூக்கிப் போட்டால், ஓயாமல் வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள்.

உதட்டில் வரும் கொப்புளம்

காய்ச்சல் விட்ட பிறகு உதட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கொத்தாக வருமே, "காய்ச்சல் இறங்கிருச்சு" என்போமே, அதற்குக் காரணம் ஹெர்ப்பிஸ் கிருமி. அக்கிக் கிருமியின் கூடப்பிறந்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் நரம்பில் தூங்கி விழிக்கும். ஆனால் அக்கி பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவைதான். இது திரும்பத் திரும்ப அநேகமாக அதே இடத்தில் வரும். வருவதற்கு முன் அந்த இடம் குறுகுறுக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தானே காய்ந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தக் கிருமி உண்டு. ஆகவே வெட்கப்படவோ, வந்தவரை விலக்கி வைக்கவோ தேவையில்லை.

இதையும் மற்றப் புண்ணையும் பிரித்துப் பாருங்கள். வாய்க்குள் கன்னத்திலும் நாக்கிலும் வெள்ளையாக, ஒன்றிரண்டாக வருவது வாய்ப்புண், அது வேறு. வாயின் இரண்டு கோணத்திலும் வெடித்திருந்தால் அது சத்துக் குறைவாலோ, பூஞ்சணத்தாலோ, பல்செட்டு சரியில்லாமலோ வருவது.

உதட்டுக் கொப்புளம் இருக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு அது ஒரு வாரத் தொந்தரவு. பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. பாட்டியானாலும் சரி, தாய்மாமனானாலும் சரி, காய்ந்து உதிரும் வரை பொறுங்கள்.

மறைவிடத்திலும் இந்த இனத்துக் கிருமி வரும். சிறு சிறு கொப்புளம் உடைந்து வலிக்கும் புண்ணானால் ஹெர்ப்பிஸாக இருக்கலாம். வலியே இல்லாமல் ஒரே ஒரு கெட்டியான புண் என்றால் மேகப்புண்ணாக இருக்கலாம். வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. இரண்டுக்கும் மருந்து உண்டு. கர்ப்பிணியாக இருந்தால் மருத்துவச்சியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், குழந்தையைக் காப்பாற்ற அது உதவும். வெளியே யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

மூன்று நாளுக்குள் என்ன கிடைக்கும்?

அக்கிக்கு அசைக்ளோவிர் என்ற மாத்திரை உண்டு. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானி. மருந்து ஆராய்ச்சிக்காக 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். இதை இங்கே எழுதுவது நீங்களே கடையில் வாங்கிப் போடுவதற்காக அல்ல. "அஞ்சு வேளையா? மூணு வேளை போதும்" என்று நீங்களே குறைத்துவிடக் கூடாது, வலி குறைந்ததும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், ஆகவே அதை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும் நாளில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

மாத்திரை கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும். கொப்புளம் சீக்கிரம் காயும், வலியின் கடுமை குறையும். மூன்று நாள் தாண்டிவிட்டதா? "இனிப் போய் என்ன பிரயோசனம்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலும், கண் பக்கம் வந்திருந்தாலும், டாக்டர் அப்போதும் மருந்து கொடுப்பார்.

அக்கி ஆறிய பிறகும் சிலருக்கு வலி போவதில்லை. தோல் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே நரம்பு எரியும். மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கும், சிலருக்கு வருடக் கணக்கிலும் இருக்கும். வயது கூடக் கூட இது அதிகம். பெரட்டுக்கு எழுந்து போக முடியாமல், சட்டை போட முடியாமல், தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் உண்டு. அவர்களை "நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். அந்த வலி உண்மை. அதற்கென்று தனி மாத்திரைகள் உண்டு, மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

கண் பக்கம் வந்தால் அவசரம்

நெற்றியிலோ கண் இமையிலோ கொப்புளம் வந்தால் மூன்று நாள் கணக்குகூடக் கிடையாது. அன்றைக்கே போக வேண்டும். முக்கியமாக மூக்கின் நுனியிலும் பக்கத்திலும் பாருங்கள். அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்குள் போகிற நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம்.

பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு நெற்றியில் இடது பக்கம் கொப்புளம் வந்தது. வயது ஐம்பத்தெட்டு இருக்கும். வீட்டில் அம்மை என்று வேப்பிலை கட்டி, ஆறு நாள் இருட்டறையில் படுக்க வைத்துவிட்டார்கள். கண் சிவந்து வீங்கித் திறக்க முடியாமல் போன பிறகுதான் என்னிடம் தூக்கி வந்தார்கள். கொப்புளம் நெற்றி நடுக்கோட்டோடு நின்றிருந்தது, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது. உளி பிடித்து வெட்டுப் போடுகிறவருக்குக் கண் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காதில் கொப்புளம் வந்து, வாய் ஒரு பக்கம் கோணினாலும், கண் மூட முடியாமல் போனாலும் அதுவும் அவசரம்தான்.

வேப்பிலையும் அக்கி எழுதுவதும்

நம் வழக்கத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. என் வீட்டு வாசலிலும் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் வேப்பிலை இருந்தால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள், நோயாளிக்கு ஓய்வு கிடைக்கும், வியாதியும் பரவாது. அது நல்லதுதான். ஆனால் நம் முன்னோர் பயந்த பெரியம்மை இன்று உலகத்திலேயே இல்லை. 1980-ல் அது ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இன்று வருவதற்கு மருந்து இருக்கிறது. மருந்து சாப்பிட்டால் மாரியம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

காவியைக் குழைத்து அக்கி எழுதுவதும் அப்படித்தான். எழுதினால் ஆறுகிறது என்கிறார்கள். அக்கி எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தோல் ஆறிவிடும். எழுதுவதால் நரம்புக்குள் இருக்கும் கிருமி அடங்காது. மனதுக்காக எழுதத்தான் வேண்டுமென்றால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு எழுத்து. உடைந்த கொப்புளத்தின்மேல் மட்டும் மண்ணோ காவியோ பூசாதீர்கள், சீழ் பிடிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

தினமும் குளிக்கலாம். சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். எரிச்சலுக்குக் கலமைன் லோஷன் தடவலாம். தைலம், பல் பசை, சுண்ணாம்பு, பக்கத்து வீட்டில் மீந்த ஸ்டீராய்டு களிம்பு எதுவும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒட்டுமா? அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மையாக வரும். ஆகவே பொருக்குத் தட்டும் வரை கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள், உடல் பலவீனமானவர்கள் பக்கத்தில் போகாதீர்கள். துண்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஆயாக் கொட்டகையில் வேலை செய்பவராக இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

அக்கிக்குத் தடுப்பூசியும் இப்போது வந்திருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. வசதி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

"வேலைக்குப் போகாட்டி சம்பளம் போயிடுமே" என்ற பயத்தில்தான் பலர் முதல் மூன்று நாளை வீணாக்குகிறார்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு டாக்டரைப் பார்க்கக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். டாக்டர் சீட்டை வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். மறுத்தால் சங்கம் இருக்கிறது.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்

• வலி முந்தி, கொப்புளம் பிந்தி, ஒரு பக்கம், பட்டையாக வந்தால் அக்கி. மூன்று நாளுக்குள் டாக்டர்.
• நெற்றி, கண், மூக்கு நுனி, காது பக்கம் வந்தால் இன்றைக்கே டாக்டர்.
• உடம்பு முழுதும், காய்ச்சலோடு வந்தால் சின்னம்மை. பெரியவர், கர்ப்பிணி என்றால் உடனே டாக்டர்.
• சாட்டையடி போலக் கோடாக, துணி மூடாத இடத்தில் வந்தால் பூச்சி. சோப்புப் போட்டுக் கழுவவும்.
• மருந்து பட்ட இடத்தில் மட்டும் என்றால் களைக்கொல்லி. கழுவவும், பதியவும்.
• ராத்திரி அரிப்பு, வீட்டில் பலருக்கும் என்றால் சிரங்கு. எல்லோருக்கும் மருந்து.
• உதட்டில் கொப்புளம் என்றால் பச்சைக் குழந்தைக்கு முத்தம் வேண்டாம்.

அக்கி வந்த இளவயதுக்காரர்களிடம் டாக்டர் ரத்தம் சோதிக்கச் சொன்னால் கோபிக்காதீர்கள். இதுவரை தெரியாமலிருந்த நீரிழிவு அதில் தெரியவரலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிக்கு இந்த ஏட்டைப் படிக்கத் தெரியாது. அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றால், "காயாப் போல இருக்கு, கிளினிக் போ" என்று மலாயில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருக்கும் கணக்கு அதே மூன்று நாள்தான்.